பள்ளிக்குப் பின்னால் உள்ள வீடு

உம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, பிரிட்ஜ் கதவின் ரப்பரை மாற்றியது.

பழைய ரப்பர் இறுகி வெடித்திருந்தது. வெளிக்காற்று புகுந்து உள்ளே பனி கட்டியது. நான் கற்பிட்டியில் ஐஸ் தொழிற்சாலை ஒன்றில் குளிரூட்டல் இயந்திரங்களைப் பார்ப்பவன். "ஊரார்ட மெஷினெல்லாம் ஓடுது, பெத்தவட பிரிட்ஜ் ஒழுகுது" என்று உம்மா ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து தொடங்கினோம். புது ரப்பர் மடிந்து வந்திருந்தது. உம்மா கேத்திலிலிருந்து சுடுதண்ணீர் ஊற்ற, நான் மடிப்பை நிமிர்த்தினேன். அவர் ஒரு மூலையைப் பிடிக்க, நான் காடியில் அழுத்திக்கொண்டே போனேன். கடைசியில் பத்திரிகைத் துண்டொன்றைக் கதவிடுக்கில் வைத்து மூடி, இழுத்துப் பார்த்தார்.

"புடிக்கிது. மேல் மூல மட்டும் கொஞ்சம் லூஸ்."

"ரெண்டு நாள்ல படிஞ்சிரும்."

"அப்ப சரி. திங்கக்கிழம லீவு போட ஏலுமா மகன்? கந்தோர்ப் பயணம் ஒண்டு இரிக்கி."

உம்மா கந்தோர் என்றால் பிரதேச செயலகம். அங்கே சிறுவர் விடயங்களைப் பார்க்கும் உத்தியோகத்தரின் மேசை.

"இந்த முறை யாரு?"

"இறால் பண்ணக் காவல்காரர்ட மகள் ஷானிகா. தாய் இல்ல. அவன் ரெண்டு பண்ணயில வேல செய்றான். ஏழு வயசுப் புள்ள பகல் முழுக்க குளத்து வரம்புல தனிய."

"நல்ல மனிசன்தானே உம்மா."

"நல்ல மனிசன்தான். நல்ல மனிசன்ட புள்ளயும் குளத்துல விழும்."

ஞாயிற்றுக்கிழமை விடிய சுபஹு தொழுதுவிட்டுப் படுத்தவர் எழும்பவில்லை. இதயம் என்றார் டொக்டர்.

உம்மாவின் பெயர் சித்தி லெய்லா. தொண்ணூறில் மன்னார் முஸ்லிம்களோடு வெளியேற்றப்பட்டு வள்ளத்தில் வந்து கற்பிட்டியில் இறங்கியபோது அவருக்குப் பத்து வயது. கரையில் இருந்த சனத்துக்குள் தாயைத் தவறவிட்டுவிட்டார். யாரோ ஒரு பெண் கையைப் பிடித்து, "நீ யார்ட புள்ள?" என்று கேட்டு, கேட்டுக் கேட்டே தாயிடம் கொண்டுபோய் விட்டாள். அந்தப் பயணத்தைப் பற்றி உம்மா சொன்னது இவ்வளவுதான். ஆனால் எங்கள் வாசலுக்கு வரும் எந்தப் பிள்ளையிடமும் அவர் முதலில் கேட்பது அந்தக் கேள்விதான். பக்கத்து வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் கேட்பார். "மாமி, நேத்தும் கேட்டீங்க" என்று சிரிப்பார்கள்.

வாப்பா கடல் தொழில் செய்தவர். நான் சிறுவனாக இருக்கும்போது மௌத்தானார். அவர் இறந்த பிறகு உம்மா ஒரு பழைய பிரிட்ஜை வாங்கி ஐஸ் பக்கெட் விற்றார். கண்டக்குழிக்கு இந்தப் பக்கம்தான் எங்கள் ஊர். ஸ்கூல் விட்டதும் வாசல் நிறைந்துவிடும். சிவப்பு சர்பத் பக்கெட், வெள்ளைப் பால் பக்கெட். ஒரு முனையைக் கடித்துத் துப்பிவிட்டு உறிஞ்சுவார்கள்.

"மாமி, இதுல பால் இரிக்கா, பால் கலர்ல தண்ணி இரிக்கா?"

"மாடு வந்து எட்டிப் பாத்திட்டுப் போச்சு. ஒனக்கு அது காணும்."

அந்தச் சத்தத்துக்குள்தான் நான் பாடம் படித்தேன். கம்ப்ரஷர் எப்போது நிற்கும், எப்போது ஓடும் என்று அப்போதே காதால் தெரியும். தொழிலை நான் கற்கத் தொடங்கிய இடம் அதுதான்.

எங்கள் வீடு இருந்த காணி ஜபார் ஹாஜியாருடையது. அவருக்குத் தென்னந்தோட்டமும் இரண்டு வள்ளங்களும் இருந்தன. பள்ளி நிர்வாகத்திலும் இருந்தார். இடம்பெயர்ந்து வந்த எங்களிடம் அவர் வாடகை கேட்டதில்லை. எவ்வளவு காலம் இருக்கலாம் என்று சொன்னதுமில்லை. இரண்டையும் உம்மா மறந்ததில்லை.

எனக்குப் பதினான்கு வயதாக இருந்தபோது, ஹாஜியாரின் தங்கை மகள் றிஷ்னா ஐஸ் பக்கெட் வாங்க வரத் தொடங்கினாள். எட்டு வயது. தாய் குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்தார். பிள்ளை மாமா வீட்டில். மற்றப் பிள்ளைகள் வகுப்பில் இருக்கும் நேரத்தில் வருவாள். வாங்கியதைக் கடிக்க மாட்டாள். சட்டைக் கைக்குள் செருகிக்கொண்டு நிற்பாள்.

"உருகிரும் மகள். தின்னு."

"இது திங்கிறதுக்கில்ல மாமி."

உம்மா சட்டைக் கையை மெல்ல மேலே தள்ளினார். சூடு காட்டிய கரண்டி பட்ட தடங்கள். பழையதும் புதியதும்.

"விழுந்திட்டன்" என்றாள் றிஷ்னா. யாரும் கேட்பதற்கு முன்பே.

உம்மா இன்னொரு பக்கெட் எடுத்துக் கொடுத்தார். அன்று பின்னேரம், பள்ளி நிர்வாகத்தில் இருந்த இன்னொருவரிடம் சாடையாகச் சொன்னார். "வீட்டு விசயம்தானே, நாங்க கதைச்சிக்கிறம்" என்றார் அவர். கதைத்தார்கள் போலத்தான் இருக்கிறது. கொஞ்ச நாள் றிஷ்னா வரவில்லை. பிறகு வந்தபோது பக்கெட்டை மற்றக் கையில் வைத்தாள்.

ஸ்கூல் மதிலில் சிறுவர் பாதுகாப்புக்கான தொலைபேசி இலக்கம் ஒட்டியிருந்தது. நான் பார்த்து வந்து போன் எடுத்துக் கொடுத்தேன். மறுமுனையில் தமிழில் ஓர் ஆண் குரல். பேச்சில் மட்டக்களப்புப் பக்கம் தெரிந்தது. மரியாதையாகக் கதைத்து, முதலில் ஊரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

"என்ட பேர் வேணாம் தம்பி. புள்ளட பேரும் வேணாம், சொன்னா நான் யாரெண்டு தெரிஞ்சிரும். எட்டு வயசுப் பொம்புளப் புள்ள. பள்ளிக்குப் பின்னால உள்ள வீடு. நீலக் கேட்."

"பள்ளிக்குப் பின்னால, நீலக் கேட். சரி அம்மா, எழுதிட்டன்."

உம்மா போனை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். விசயம் முடிந்தது என்று இருவரும் நினைத்தோம்.

மறுநாள் கந்தோர் ஜீப் வந்தது. வந்து நின்றது ஸ்கூலுக்குப் பின்னால் இருந்த சூசைப்பிள்ளையின் வீட்டு வாசலில். எங்களுக்குப் பள்ளி என்றால் தொழும் இடம். மற்றது ஸ்கூல், அல்லது பள்ளிக்கூடம். போனில் கதைத்த அந்தத் தம்பி சிறு வயதில் பள்ளிக்குப் போய்ப் படித்தவர். ஸ்கூல் என்றுதான் எழுதியிருக்கிறார். கேட்டின் நிறமும் உதவவில்லை. எங்கள் ஊரில் வள்ளத்துக்குப் பூசி மிஞ்சிய பெயின்ட்தான் கேட்டுக்கு. பாதி ஊருக்கு நீலக் கேட். போதாததற்கு, சூசைப்பிள்ளையின் மகள் டெனிஷாவுக்கும் எட்டு வயது.

செய்தியை ஐஸ் பக்கெட் பிள்ளைகள்தான் கொண்டுவந்தார்கள். டெனிஷாவின் கையைத் தூக்கிப் பார்த்தார்களாம். நுளம்பு கடித்த தடம் மட்டும்தானாம். மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்களாம். தாய் யூஜீனியா ரோட்டில் நின்று தமிழிலும் சிங்களத்திலும் மாறி மாறிக் கத்துகிறாராம், போன் பண்ணினது யாரென்று.

"திரும்ப எடுப்பமா உம்மா? இந்த முறை சரியாச் சொல்லுவம்."

"யூஜீனியா ரோட்டில நிக்கிறா மகன்" என்றார் உம்மா. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு இறங்கினார். நானும் பின்னால் போனேன்.

யூஜீனியா அன்டி அப்போது முற்றத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். கத்திக் களைத்திருந்தார்.

"போன் பண்ணினது நான்தான்" என்றார் உம்மா.

மீன் வெட்டிய கத்தி நின்றது. "ஒனக்கு என்ட புள்ளயில என்னடி கோவம்? ஒன்ட ஐஸ்ல இனிப்புக் காணாதெண்டு சொன்னாளா?"

"ஒன்ட வீட்டச் சொல்லல்ல. பள்ளிக்குப் பின்னால எண்டுதான் சொன்னன்."

"இது பின்னால இல்லாம முன்னாலயா?" யூஜீனியா அன்டி ஸ்கூல் மதிலைக் கத்தியால் காட்டினார்.

"இது பள்ளிக்கூடம். நான் சொன்னது பள்ளி."

யூஜீனியா அன்டி மதிலைப் பார்த்தார். பிறகு தென்னைகளுக்கு மேலே தெரிந்த மினாராவைப் பார்த்தார். அன்று முதல்தடவையாகக் குரலைத் தாழ்த்தினார்.

"ஹாஜியார் வீடா?"

"ஓம்."

"அவர்ட காணியிலதானே நீ இரிக்கிற."

"ஓம்."

"ஒனக்கென்ன பைத்தியமா?"

உம்மா வாசற்படியைப் பார்த்தார். டெனிஷா அதில் குந்தி, எங்கள் வீட்டுப் பால் பக்கெட்டை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

"இவட வயசுதான் அந்தப் புள்ளக்கும்."

யூஜீனியா அன்டி கத்தியைப் பலகையில் வைத்தார். "போன்ல சொன்னா இப்பிடித்தான். நாளைக்கு முதல் பஸ்ல போவம். நீ தமிழ்ல சொல்லு, நான் சிங்களத்தில சொல்றன். ரெண்டு பாஷையில சொன்னா ஒரு வீடாவது சரியா வரும்."

போனார்கள். நானும் போனேன். கந்தோர் மேசையில் இருந்தது, முதல்நாள் ஜீப்பில் வந்த அதே பெண் உத்தியோகத்தர். யூஜீனியா அன்டியைக் கண்டதும் எழும்பிவிட்டார், சண்டைக்கு வந்திருக்கிறார் என்று. உம்மா தன் பெயரைச் சொன்னார். பிள்ளையின் பெயரையும் சொன்னார். வெளியே சொல்ல மாட்டோம் என்றார் உத்தியோகத்தர். "நீங்க சொல்லாட்டியும் ஊர் கண்டுபிடிக்கும்" என்றார் உம்மா. என்ன நடக்க வேண்டுமென்று நினைக்கிறீர்கள் என்று அவர் கேட்டார்.

"யாரையும் புடிச்சி அடைக்கச் சொல்லி நான் வரல்ல, மிஸ். வந்து பாருங்க. அவ்வளவுதான்."

அன்றே வந்து பார்த்தார்கள். றிஷ்னாவை முதலில் ஆஸ்பத்திரிக்கும் பிறகு ஒரு சிறுவர் இல்லத்துக்கும் கொண்டுபோனார்கள். சில மாதங்களில் தாய் குவைத்திலிருந்து திரும்பி வந்து, நீதிமன்றம் போய் மகளை மீட்டுக்கொண்டார். முந்தல் என்ற ஊரில் வீடெடுத்தார்கள்.

ஹாஜியார் எங்களோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. ஆள் அனுப்பினார். காணியில் புதுத் தென்னம்பிள்ளை நடப்போகிறாராம். தண்ணீர் பைப்படியில் உம்மாவுக்கு "பொலிஸ் மாமி" என்று பெயர் விழுந்தது. சிலர் பிள்ளைகளை ஐஸ் வாங்க விடவில்லை. மிஞ்சிய பக்கெட்டுகளை நானும் உம்மாவும் தின்று தீர்த்தோம். நாக்கு ஒரு மாதம் சிவப்பாகவே இருந்தது. அந்த நாட்களில் நாங்கள் பயந்தோம் என்று அறிவு சொல்கிறது. நினைவில் நிற்பது அந்தச் சிவப்புத்தான். உம்மா நாக்கை நீட்டிக் காட்டுவார், நான் காட்டுவேன்.

சூசைப்பிள்ளை தன் வீட்டு வளவின் மூலையைக் குடியிருக்கத் தந்தார். பிரிட்ஜை மீன் கொண்டுபோகும் டிரக்டரில் ஏற்றினோம். கம்ப்ரஷர் எண்ணெய் கீழே இறங்கும்வரை கரண்ட் கொடுக்கக் கூடாது என்று சூசைப்பிள்ளைதான் சொன்னார். உம்மாவும் நானும் அதன் முன் குந்தியிருந்தோம். ஓடத் தொடங்கிய சத்தம் கேட்டதும் உம்மா, "இப்பதான் இது வீடு" என்றார்.

அப்படித்தான் நாங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் குடிவந்தோம். முகவரி கேட்டால் உம்மா ஒரே மாதிரித்தான் சொல்வார்: "பள்ளிக்கூடத்துக்குப் பின்னால. கூடத்த விட்டிராதீங்க." கேட்பவருக்கு விளங்காது. யூஜீனியா அன்டி மட்டும் மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்து சிரிப்பார்.

பிள்ளைகள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தார்கள். வெயிலுக்கு யாருடைய கோபமும் நெடுநாள் நிற்காது. பிறகு, கந்தோருக்குப் போகப் பயந்த தாய்மார்கள் இருட்டின பின் உம்மாவிடம் வந்து கதைக்கத் தொடங்கினார்கள். "பொலிஸ் மாமி" என்ற பெயர் போகவில்லை. ஆனால் அதைச் சொல்லும் குரல் மாறியிருந்தது.

உம்மாவை அடக்கம் செய்த அன்று, ஜனாஸாவுக்கு றிஷ்னா வந்தாள். முந்தலில் பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். பெண்கள் கூட்டத்திலிருந்து எழும்பி வந்து பிரிட்ஜின் முன் நின்றாள். கதவின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"ரப்பர் புதுசா, நானா?" என்றாள், அண்ணனைக் கேட்பதுபோல.

"ஓம். வெள்ளிக்கிழம போட்டது."

அவள் கதவை ஒருமுறை அழுத்தி மூடினாள்.

மேல் மூலை இப்போது படிந்துவிட்டது. காகிதத்தை இழுத்தால் வருவதில்லை. உள்ளே உம்மா கட்டிய பக்கெட்டுகள் கொஞ்சம் மீதி இருந்தன. நேற்று ஷானிகா வந்தாள், கால் முழுக்கக் குளத்துச் சேறு. பால் பக்கெட் ஒன்றைக் கொடுத்தேன்.

"மாமி எங்க?"

இன்னொரு பக்கெட்டையும் எடுத்துக் கொடுத்தேன். அவள் திரும்பித் தனியாகப் பண்ணைப் பக்கம் நடந்தாள். அங்கே அவளைப் பார்த்துக்கொள்ள யாரும் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை, ரப்பரின் கடைசி மூலையைப் பிடித்துக்கொண்டே, கந்தோரில் எப்படிச் சொல்வது என்று உம்மா எனக்குச் சொல்லிக் காட்டினார். களப்புக் கரையோர ரோட்டில் கடைசி இறால் பண்ணை. கடைசிக் குளம். அதன் வரம்பில் தகரக் கொட்டில். "காவல்காரன ஏசச் சொல்லல்ல, புள்ளய வந்து பாருங்க எண்டு சொல்லணும்" என்றார். பிறகு சிரித்தார். "பாத்தியா, பள்ளி எண்ட சொல்லே வராமச் சொல்லிட்டன்."

உம்மா போய் ஒரு வாரமாகியும் யாரும் போய்ச் சொல்லவில்லை. நாளை திங்கட்கிழமை. முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து யூஜீனியா அன்டி கேட்கிறார்.