வாசலில் காயாத கருவாடு

என் வீட்டு வாசலில் கருவாடு காயாத காலம் ஒன்று உண்டு. இன்றைக்கும் எங்கள் குப்பத்தில் அந்தப் பேச்சை எடுத்தால் பெண்கள் வேறு கதைக்குத் தாவிவிடுவார்கள்.

திருவொற்றியூர்க் கரையில் அப்போதே மணல் பஞ்சம். வருஷா வருஷம் கடல் உள்ளே வந்து முன்வரிசை வீடுகளை வாரிக்கொண்டு போனது. அதைத் தடுக்க லாரி லாரியாகக் கருங்கல்லைக் கொட்டினார்கள். கல்லுக்கும் வீடுகளுக்கும் நடுவே மிச்சமிருந்த துண்டு மணலில்தான் வலை பின்ன வேண்டும், பிள்ளைகள் விளையாட வேண்டும், விற்காத மீனை உப்புப் போட்டுக் காயவைக்க வேண்டும். நாள் முழுக்க வெயில் விழுகிற இடம் என் வாசல்தான். அதனால் விடிந்ததும் பாயைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களுக்குள் அடிதடிதான். எதிர்வீட்டு அக்கா எல்லாருக்கும் முந்தி வந்து விரித்துவிட்டு, இடுப்பில் கைவைத்துக்கொண்டு நிற்பாள். நானும் சும்மா விடுகிறவள் இல்லை. என் வாசலில் எனக்கே இடமில்லையா என்று அவள் பாயைச் சுருட்டி எறிந்திருக்கிறேன்.

கல்யாணமாகிச் சில வருஷம் ஓடியும் எனக்குப் பிள்ளையில்லை. மீன் கூடையை இறக்கி வைத்தால் போதும், "இன்னாமே, விசேஷம் எதுனா கீதா?" என்று யாராவது கேட்பார்கள். "இருந்தா உனுக்குச் சொல்லாமலா? தண்டோரா போடறவளே நீதானே" என்று திருப்பிக் கொடுப்பேன். வாய் அப்படித்தான் பேசும். வீட்டுக்கு வந்து கூடையைக் கழுவும்போது அழுவேன். அந்தச் சமயத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டால் யாரும் ஏனென்று கேட்பதில்லை.

என் மாமியார் தனக்குத் தெரிந்ததையெல்லாம் எனக்குள் இறக்கிப் பார்த்தார். வெறும் வயிற்றில் மலைவேம்பு இலைச் சாறு கொடுத்தார். அந்தக் கசப்பு காது வரைக்கும் ஏறும். நல்லெண்ணெய் ஊற்றி உளுந்தங்களி கிண்டினார். மீஞ்சூர்ப் பக்கம் ஒரு நாட்டு வைத்தியரிடம் சூரணம் வாங்கி வந்து தேனில் குழைத்தார். நான் ஒரு முறைகூட முகம் சுளிக்கவில்லை. பிள்ளை வருமென்றால் கருங்கல்லைக் கரைத்துக் கொடுத்திருந்தாலும் குடித்திருப்பேன்.

எதிர்வீட்டு அக்காவின் சின்ன மகளுக்கு வீசிங் உண்டு. எண்ணூர் ஆலைகள் பக்கமிருந்து புகை அடிக்கிற நாட்களில் எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லாமே இருமும். அந்தப் பெண்ணுக்கு மூச்சே இழுக்கும். முற்றிப் போனால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். மற்ற நாட்களில் விம்கோ நகர் ரயில்வே கேட் பக்கத்தில் இருந்த ஒரு ஓமியோபதி டாக்டரிடம் வெள்ளை உருண்டை மருந்து வாங்கிக் கொடுத்தாள். மருந்து இனிப்பு என்பதால் அந்தப் பெண் இருமல் இல்லாதபோதும் இருமிக் காட்டும். குணமானது மருந்தாலா, காற்று திசை மாறியதாலா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் அக்கா அடித்துச் சொன்னாள், "அவுரு கைராசிக்காரருடி. ஒரு தபா போய்ப் பாரு."

மாமியாரோடு போனேன். டாக்டர் பகலில் ஏதோ ஆபீசில் வேலை பார்ப்பவர். சாயங்காலம் மட்டும்தான் நோயாளிகளைப் பார்ப்பார். என் வயிற்றைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தால், எந்தப் பக்கம் ஒருக்களித்துத் தூங்குவேன், இடி இடித்தால் பயமா, அழுகை வந்தால் யாராவது தேற்ற வேண்டுமா, தனியாக இருக்க வேண்டுமா என்றெல்லாம் கேட்டார். உப்பு பிடிக்குமா என்றும் கேட்டார். கடலோரத்துக்காரியிடம் கேட்கிற கேள்வியா இது? சிரித்துவிட்டேன். ஆனால் தனியாக அழுவதா என்று கேட்டபோது என் சிரிப்பு நின்றுவிட்டது. அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை.

மருந்தைக் கொடுத்துவிட்டு விதிகளைச் சொன்னார். கையால் தொடக் கூடாது, மூடியில் தட்டி நாக்கில் போட வேண்டும். கடைசியாக, "கடுமையான வாசனை எதுவும் கிட்ட இருக்கக் கூடாதும்மா. மருந்தோட சக்தி போயிடும்" என்றார்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் எதிர்வீட்டுக்குள் நுழைந்த மாமியார், ராத்திரி வெகு நேரம் கழித்துத்தான் வந்தார். மறுநாள் காலையில் நான் கதவைத் திறந்தபோது வாசல் காலி. ஒரு பாய் இல்லை, ஒரு நெத்திலி இல்லை. வெறும் மணல். பெண்கள் எல்லாரும் கடலைத் தடுக்கக் கொட்டிய கருங்கல்மேல் ஏறி, வழுக்குகிற கல்லில் பாயை விரித்து, காற்றில் பறக்காமல் இருக்க நான்கு மூலையிலும் கல் வைத்துக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டு அக்காவுக்கு முழங்கால் சிராய்த்து ரத்தம். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தால் உதறிவிட்டாள்.

"நீ போய்ப் புள்ள பெத்துக்கோடி. கருவாடு எங்க வோணாலும் காயும்."

அடுத்த முறை டாக்டரிடம் நடந்ததைச் சொல்லிக் கேட்டேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "கற்பூரம், காபி, பச்சை வெங்காயம், அந்த மாதிரிம்மா. பாட்டிலை அது பக்கத்துல வைக்காதீங்கன்னேன். தெருவையே காலி பண்ணவா சொன்னேன்?"

வந்து சொன்னால் யார் நம்புகிறார்கள்? "அவுரு சைவம். அவுருக்கு இன்னா தெரியும் கருவாட்டு நாத்தம்?" என்றார் மாமியார். எண்ணூரிலிருந்து கேஸ் நாற்றம் வருகிற நாட்களில் மருந்து பாட்டிலை அரிசி டிரம்முக்குள் புதைத்து வைப்பார். சோற்றுக்குக் கருவாடு இல்லையென்றால் தட்டைத் தள்ளிவிடுகிற பெண்மணி, வீட்டுக்குள் அதைப் பொரிப்பதையே நிறுத்திவிட்டார்.

என் வீட்டுக்காரரையும் அழைத்து வரச் சொன்னார் டாக்டர். "எனுக்கு இன்னா கேடு? நான் எதுக்கு?" என்று ரொம்ப நாள் நழுவினார். புயல் எச்சரிக்கைக்கே பயப்படாமல் போட்டில் ஏறுகிற மனுஷன். கடைசியில் கல்யாணச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, பெஞ்சின் நுனியில் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி உட்கார்ந்தார். டாக்டர் டெஸ்ட் எடுக்கச் சொன்னார். குறை ஒன்றும் இல்லை என்று வந்தது. அப்படியானால் குறை என்னிடம்தானா என்று எனக்கு அழுகை முட்டியது. என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு அன்றோடு பீடியை விட்டார். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை.

மழைக்காலம் வந்தபோது எனக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. ஆஸ்பத்திரியில் உறுதி செய்தார்கள். ஓமியோபதி டாக்டரும் சந்தோஷப்பட்டு, "இனிமே ஆஸ்பத்திரியில பதிஞ்சு ஒழுங்கா காட்டுங்க" என்று அனுப்பிவைத்தார். தெருவே பங்கு கேட்டது. முதலில் பாயைத் தூக்கியவள் தானென்று ஒருத்தி, முழங்காலைக் கிழித்துக்கொண்டவள் தானென்று எதிர்வீட்டு அக்கா. நான் வாயாடுவதை மறந்துபோய் எல்லாருக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை.

மசக்கை வந்தது. எது தின்றாலும் வாந்தி. ஒரு நாள் கருவாடு தின்ன வேண்டும் போல நாக்கு தவித்தது. மாமியார் முதலில் மாட்டவே மாட்டேன் என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "வாயும் வயிறுமா கீறவ கேட்டா இல்லேன்னு எப்டி சொல்றது" என்று முனகிக்கொண்டே ஒரு துண்டு வாளைக் கருவாட்டைப் பொரித்துக் கொடுத்தார். பல நாளைக்குப் பிறகு அன்றுதான் வயிறு நிறையச் சாப்பிட்டேன். சாப்பிட்டது தங்கவும் தங்கியது.

மறுநாள் மத்தியானம் அரிசி களைந்துகொண்டிருந்தபோது ரத்தம் போக ஆரம்பித்தது. எதிர்வீட்டு அக்காதான் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினாள். என் வீட்டுக்காரர் கடலில் இருந்தார். எல்லாம் முடிந்த பிறகு ஆஸ்பத்திரி டாக்டரம்மா என் நெற்றியில் கைவைத்து, "நீ எந்தத் தப்பும் பண்ணலம்மா. சில கரு இப்படித் தங்காம போயிடும். யாராலயும் தடுக்க முடியாது" என்றார். கதவோரம் நின்றிருந்த மாமியார் மெதுவாக, "கருவாடு பொரிச்சேம்மா நேத்து" என்றார். டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. எனக்கு உடம்பில் இருந்த வலியைவிட அந்த வார்த்தை அதிகமாக வலித்தது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்குள் கருவாடு வரவேயில்லை. மாமியார் வெறும் ரசத்தை ஊற்றிச் சோற்றை விழுங்கினார். நான் எத்தனை சொல்லியும் டாக்டரம்மா சொன்னது அவர் காதில் ஏறவில்லை. தெருப் பெண்களும் என் வாசலுக்குத் திரும்பி வரவில்லை. அவர்களுக்கு நம்பிக்கை, மறுபடி உண்டாவேன், அதற்குள் இடத்தைக் கெடுக்கக் கூடாது என்று. தினமும் கதவைத் திறந்தால் அந்த வெறும் மணல். பிள்ளையில்லாதவள் வீடு இது என்று தெருவுக்கே கோலம் போட்டுக் காட்டின மாதிரி இருக்கும். எனக்கு அவர்கள்மேல் கோபம் கோபமாக வந்தது. இவ்வளவு நல்லவர்களாக இருக்கச் சொல்லி இவர்களை யார் கேட்டார்கள்?

இரண்டு கோடை போனது. மருந்தும் போனது, ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாள் காலையில் மார்க்கெட்டுக்குப் போன நான் விற்பதற்கு மீன் எடுக்காமல், ஒரு கூடை நெத்திலி வாங்கி வந்தேன். உப்பில் பிரட்டி, என் வாசலில் பாயை விரித்து, நானே பரப்பினேன்.

வெளியே வந்த மாமியார் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இன்னாமே பண்ற?"

"காய வெக்கிறேன் அத்தே. வெயிலு வீணாப் போவுது."

"மருந்து?"

"அது தீந்துபோச்சு. இனிமே வாங்கப் போறதில்ல. உன் கருவாட்டால ஒண்ணும் போவல அத்தே. எனுக்கு அது தங்கல, அவ்ளோதான்."

அவர் மணலில் உட்கார்ந்தார். காக்கா ஓட்டுகிற குச்சியைக் கையில் எடுத்தார். பிறகு, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள்தொட்டு அழாத மனுஷி, அந்தக் குச்சியை மடியில் போட்டுக்கொண்டு சத்தமாக அழுதார். நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். காக்காக்கள் வந்து நெத்திலியைக் கொத்திக்கொண்டு போயின. நாங்கள் ஓட்டவில்லை.

மறுநாள் விடிந்ததும் எதிர்வீட்டு அக்கா பாயோடு என் வாசலுக்கு வந்தாள். இடுப்பில் கைவைத்துக்கொண்டு நிற்கவில்லை. "இந்த ஓரமா நான் விரிச்சிக்கட்டா?" என்று என்னைக் கேட்டாள்.

விரித்துக்கொள் என்றேன். அவள் எப்போதும் போலச் சண்டை போட்டு அந்த இடத்தைப் பிடுங்கியிருக்கலாம் என்று எனக்கு இருந்தது.