என் கூடையில் போன பீடி

என் வீட்டுக்காரருக்கு டிபி என்று தெரிந்த அன்றே வீட்டில் கிடந்த பீடிக் கட்டுகளை அள்ளி வெந்நீர் அடுப்பில் போட்டேன். இனி ஒரு பீடி இந்த வாசலைத் தாண்டி உள்ளே வரட்டும், அப்புறம் இருக்கிறது என்று கத்தினேன். அவர் தலையாட்டினார். அத்தனை சுலபமாகத் தலையாட்டியதிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். திருவிடைமருதூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஒருவர் வீட்டில் தும்மினால் நாலு தெரு தள்ளி விசாரிப்பார்கள். நெஞ்சுச் சளி என்று சொல்லிச் சமாளித்தோம். தினமும் மாத்திரையை நானே கையில் கொடுத்து, விழுங்கும்வரை பக்கத்திலேயே நிற்பேன்.

இரண்டு மாதம் கழித்து ஆஸ்பத்திரியில் மறுபடியும் சளியைப் பரிசோதித்தார்கள். கிருமி போகவில்லை.

"பீடி குடிக்கிறாராம்மா?" என்று கேட்டார் நர்ஸ்.

"எங்க வீட்ல பீடி வாசனையே கெடையாது" என்று சண்டைக்கே போய்விட்டேன்.

"கோவப்படாதீங்கம்மா. மாத்திரை ஒரு பக்கம் ஆத்திக்கிட்டு வரும், புகை ஒரு பக்கம் கிளறி விட்டுக்கிட்டே இருக்கும். கிருமி போக நாளாகும். போனாலும் திரும்ப வரும். அதுவரைக்கும் அவரு பக்கத்துல உக்காந்திருக்கிறவங்களுக்கும் ஆபத்து."

பஸ்ஸில் திரும்பும்போது அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். நான் அவர் கழுத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் வயலில் வரப்பு ஓரத்தைச் செதுக்கும் அண்டை வெட்டு வேலை. இரண்டு ஆட்கள் வந்திருந்தார்கள். பத்து மணிக்கு டீ, வடையோடு ஒரு கட்டு பீடியும் கொண்டுபோவது எங்கள் பக்கத்து வழக்கம். பீடி இல்லையென்றால் ஆட்கள் மறுநாள் வேறு வயலுக்குப் போய்விடுவார்கள். தண்ணீர் வந்துவிட்டது, நாற்று முற்றிக்கொண்டிருந்தது. வழக்கமாகக் கூடையை வாய்க்கால் மதகிலேயே அவரிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவேன். அன்றும் கொடுத்தேன். ஆனால் திரும்பவில்லை. வாழைக்கொல்லையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாகப் போனேன்.

மூன்று பேரும் முட்டியோடு முட்டி இடிக்க வரப்பில் உட்கார்ந்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் ஒரு பீடியை ஆழமாக இழுத்துவிட்டுப் பக்கத்திலிருந்தவனிடம் நீட்டினார். உடனே இருமல் வந்தது. அவன் பீடியை வாயில் வைத்துக்கொண்டே அவர் முதுகைத் தடவிக்கொடுத்தான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டில் எரித்ததை நானே தினமும் கூடையில் வைத்து அவர் கையில் கொடுத்திருக்கிறேன். ஆத்திரம் அவர்மேலா என்மேலா என்றுகூடத் தெரியவில்லை.

"என்னங்க இது?" என்று கேட்டபடி எதிரில் போய் நின்றேன்.

அவர் எழுந்து வந்து என்னைத் தள்ளிக்கொண்டுபோனார். "நீதானே கொண்டாந்து குடுத்த? இத்தன வருஷம் குடிச்சவன் இப்ப வேணாம்னா ஏன்னு கேப்பானுங்க. என்ன சொல்லச் சொல்ற? பொண்ண நெனச்சிப் பாரு, கத்தாத."

பெண்ணை நினைத்துத்தான் வாயை மூடினேன். ஒரு நிமிடம் இருக்கும். அதற்குள் அவர் மறுபடி இரும ஆரம்பித்தார், குனிந்தவர் நிமிரவில்லை. முதுகைத் தடவிக்கொடுத்தவன் ஓடிவந்து அவர் தோளைத் தாங்கிப் பிடித்து, முகத்தோடு முகம் வைத்து, "என்னண்ணே, என்ன பண்ணுது?" என்றான்.

"தள்ளிப் போப்பா. அவருக்கு டிபி" என்றேன்.

என் வீட்டுக்காரர் என்னை அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். மற்ற ஆள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தான். இவன் மட்டும் நின்றான். வாயிலிருந்த பீடியை எடுத்துப் பார்த்துவிட்டு வாய்க்காலில் எறிந்தான்.

"வீட்ல பச்சப்புள்ள கெடக்குதுக்கா. எப்பலேருந்து இவருக்கு?"

"ரெண்டு மாசமா" என்றேன். முதல் தடவை வாய்க்காலைப் பார்த்துச் சொன்னேன்; அவன் காதில் விழவில்லை. அவன் மறுபடி கேட்டான். மறுபடியும் சொன்னேன்.