நலம் விசாரிக்கப் போன நாள்

ஏற்காட்டில் ஐஸ் பெட்டியும் சாவு வண்டியும் வைத்திருப்பவன் நான். மலையில் எந்த ஊரில் எழவு என்றாலும் முதல் போன் எனக்குத்தான். பெட்டியை இறக்குவது, பந்தல் போடுவது, பாடை கட்ட ஆள் பிடிப்பது, குழிக்குச் சொல்லி வைப்பது எல்லாம் என் பாடு. உயிரோடு இருப்பவர்கள்தான் என்னைக் கண்டால் ஒதுங்குவார்கள். கல்யாணத்துக்குப் பத்திரிகை வைப்பார்கள். வந்துவிடப் போகிறேனே என்ற பயமும் முகத்தில் தெரியும். மனைவியும் மகளும் போய் வருவார்கள். நான் வீட்டில் தனியாக டிவி பார்த்துக்கொண்டிருப்பேன். பழகிவிட்டது என்று சொல்லிக்கொள்வேன். பழகவில்லை.

நோயில் படுத்தவர்களைப் பார்க்க மட்டும் நான் போகவே கூடாது. அதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வாழவந்தியில் எனக்கு ஒரு சிநேகிதன். காபி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தவன், பள்ளிக்கூடக் காலத்துக் கூட்டாளி. எழவு வீட்டிலிருந்து நேராக வந்தாலும் என்னோடு ஒரே தட்டில் பஜ்ஜி தின்பவன் இந்த மலையில் அவன் ஒருத்தன்தான். அவன் நுரையீரல் கெட்டுப் படுத்துவிட்டான் என்று கேள்விப்பட்டும் நான் போகவில்லை. ஒருநாள் அவனே போன் செய்தான்.

"ஏன்டா, நான் செத்தாத்தான் ஊட்டுப் பக்கம் வருவியா?"

அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கு மூச்சு வாங்கியது.

அன்று மத்தியானமே கிளம்பினேன். "ஏனுங்க, வண்டிய எடுக்காதீங்க, பஸ்ஸுல போங்க," என்றாள் மனைவி. நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு, ஆரஞ்சுப் பழமும் ரொட்டியும் வாங்கி பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டு அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"யாரு ஊட்டுக்குங்க?"

"ரைட்டர் ஊட்டுக்குங்க," என்றேன்.

அவர் அதன் பிறகு போனில் யாரிடமோ பேசி மூக்கைச் சிந்தியதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இறங்கி மேடேறிப் போய்ப் பார்த்தால், அவன் வாசலில் கூட்டம். ஒருவர் கையில் மாலை. எஸ்டேட் பெண்கள் இரண்டு பேர் ஒப்பாரியே ஆரம்பித்திருந்தார்கள். உள்ளே அவன் கட்டிலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான்.

விஷயம் தெரிந்ததும் சிரித்தான். "எனக்கு யாரு யாரு அழுவாங்கன்னு பாத்துட்டேன்டா." சிரிப்பு இருமலாகி, கண்ணில் நீர் வந்தது. எனக்கும் சிரிப்புத்தான். அவன் மனைவி சிரிக்கவில்லை. கிளம்பும்போது பின்னாலேயே வந்தார்.

"தப்பா நெனைக்காதீங்கண்ணா. அவரு பொழைக்கோணும். இனி நீங்க வர வேண்டாமுங்க."

"சரிம்மா," என்றேன். கோபம் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. அவன் மனைவி கேட்டதில் என்ன தப்பு? பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன்.

அவன் அடிக்கடி போன் செய்தான். "எப்படா வர்றே?" என்பான். "இந்த வாரம் வேல நொம்ப இருக்குதுடா," என்பேன். மலையில் அப்போது ஒரு சாவும் இல்லை. அது அவனுக்கும் தெரியும்.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் அவன் மனைவி போனில் கூப்பிட்டார். "அண்ணா, பெட்டி எடுத்துட்டு வாங்க."

போனேன். பெட்டியை இறக்கி, அவனைக் கிடத்தி, ஒயரைச் செருகினேன். வழக்கமாக வேலை முடிந்ததும் வண்டியோரம் போய் நின்றுகொள்வேன். அன்று அவன் தலைமாட்டில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். சாயங்காலம் எடுக்கும்வரை உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை.