நிக்காத டிரைவர்

மீன்குஞ்சுப் பண்ணையில் அவருக்கு ‘நிக்காத டிரைவர்’ என்றுதான் பெயர். இருபத்தாறு வருஷமாகக் குஞ்சு லாரி ஓட்டுகிற மனுஷன் வேறு எப்படி இருப்பார்? தொட்டியில் காற்று ஊதும் மோட்டார் இருந்தாலும், தண்ணீர் குலுங்கினால்தான் குஞ்சுகளுக்குப் போதுமான காற்று. டீயைக்கூட ஓட்டிக்கொண்டேதான் குடிப்பார். காலித் தொட்டியோடு திரும்பும்போதும் கால் ஆக்சிலேட்டரை விடாது.

போகிற வழியில் மூன்று பழைய துறைமுக ஊர்கள். “எல்லாத்தையும் காட்டறேன்” என்று கல்யாணமான புதிதில் மனைவியிடம் அளந்த வாய் அது. இப்போது மகளுக்கே கல்யாணம் ஆகிவிட்டது. இந்தத் தடவை மனைவி கேட்கவேயில்லை. சாப்பாட்டுப் பையோடு வந்து முன் சீட்டில் ஏறிக்கொண்டாள்.

அவருக்கோ வேறு கவலை. போன மாதம் ஒரு லோடு முழுக்கச் செத்துப் போயிருந்தது. “இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா சாவியைக் குடுத்துட்டுப் போயிடுங்க” என்று முதலாளி முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். ஐம்பத்திரண்டு வயசில் எவன் வேலை கொடுப்பான்?

ஆற்றுச் சமவெளியில் மேடு பள்ளமே இல்லாத சாலை. முதல் ஊரில் கோட்டை வந்தது.

“என்னங்க, ஒரே நிமிஷம்...”

“வர்றப்போ பாத்துக்கலாம்.”

அடுத்த ஊரின் மணிக்கூண்டும் பறந்தது. “கழுத்தைத் திருப்பறதுக்குள்ள ஊரே முடிஞ்சு போச்சு. நல்லா காட்டினீங்க, போங்க!” என்றாள்.

மூன்றாவது ஊருக்குள் நுழையும்போது பின்னால் காற்று மோட்டாரின் சத்தம் நின்றது. ஓட்டிக்கொண்டே அதன் சுவிட்சைத் தட்டினார், ஒயரை ஆட்டினார், திட்டினார். அசையவில்லை. உச்சி வெயில் வேறு. பாலம் தாண்டினால் இருபது நிமிஷத்தில் குஞ்சுகளை இறக்கவேண்டிய குளம். ஆனால் தூக்குப்பாலம் இரண்டாகப் பிரிந்து மேலே நின்றது. நடுவில் ஒரு கப்பல், நகராமல்.

“கப்பல் எஞ்சின் கோளாறு. ஒரு மணி நேரமாவது ஆகும்” என்றார் பாலத்துக் காவலாளி.

ஒரு மணி நேரமாம்! வண்டியைப் பின்னால் எடுத்து, தண்ணீராவது குலுங்கட்டும் என்று அந்த ஊர்க் கலங்கரை விளக்கத்தைச் சுற்றிச் சுற்றி ஓட்டினார். மனைவி பின் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

“எல்லாம் மேல வந்து வாயைப் பிளக்குதுங்க.”

“போச்சு. என் பொழப்பு போச்சு.”

“பொலம்பாம வண்டியை ஓரங்கட்டுங்க. நான் பின்னாடி ஏறணும்.”

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். வாளியில் தண்ணீரை மொண்டாள், உயரத் தூக்கி ஊற்றினாள், மறுபடி மொண்டாள். அவர் வண்டியை மெல்ல உருட்டினார். கண்ணாடியில் அவள் கை ஏறி இறங்குவது மட்டும் தெரிந்தது. அது நிற்கும்போதெல்லாம் ஹாரனை அடித்தார்.

“யோவ், வழி தெரியலையா?” என்று கடைக்காரர் ஒருவர் மூன்று தடவை கேட்டுவிட்டார். பதிலுக்கு எங்கே நேரம்?

இருபத்திரண்டாம் சுற்றில் பாலம் இறங்கியது.

குளத்துக்காரர் வலையை விட்டுப் பார்த்தார். செத்தது ஒரு கைப்பிடிதான். “நல்ல லோடு” என்று கையெழுத்துப் போட்டார். டிரைவர் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“ஊரைப் பாத்தியா?” என்று மனைவியிடம் கேட்டார்.

“தலையை நிமிர்த்தினாத்தானே? தண்ணியைத்தான் பாத்தேன்.” அவளுடைய இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம் கிளம்பியிருந்தது.

திரும்பும் வழியில் கலங்கரை விளக்கம் வந்தது. கால் பழக்கப்படி அழுத்தியது, வண்டி தாண்டியும் போய்விட்டது. அவள் ஈரத்துணி சுற்றிய கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. பிரேக்கை மிதித்தார். பின்னால் வந்து, கலங்கரை விளக்கத்தின் வாசலில் எஞ்சினை அணைத்தார்.

“என்னங்க, நெஜமாவே நிறுத்திட்டீங்களா?”

அவர் சாவியை உருவி அவள் மடியில் வைத்தார்.

“நீ சொல்றப்போ கெளம்பலாம்.”