வைக்கக் கூடாது, பிடித்துக்கொள்ளலாம்

கைப்பேசி விற்ற இளைஞர், நான் கேட்காமலே, அது எப்படி வேலை செய்கிறது என்று விளக்கினார். உயிர் வந்ததும் அது முதலில் காது கொடுத்துக் கேட்குமாம். ஒவ்வொரு அலைவரிசையாகத் துழாவி, எந்தக் கோபுரம் பலமாகக் கேட்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளுமாம். அப்புறம் கோபுரத்தின் தாளத்தோடு தன் தாளத்தைச் சேர்த்துக்கொள்ளுமாம். தாளம் சேர்ந்த பிறகுதான் ‘நான் இன்னார், வந்திருக்கிறேன்’ என்று தன்னைப் பதிந்துகொள்ளுமாம். “எல்லாம் ரெண்டு மூணு செகண்டுல முடிஞ்சிடும் சார்” என்றார், கோபுரத்தைத் தானே நட்டவர்போல. இதே வேலையை ஆரணியில், மொட்டைமாடியில், கையால், ஏறக்குறைய ஒரு வருஷம் செய்தவன் நான் என்று அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த மாடலுக்குச் சார்ஜர் வேண்டுமா என்று கேட்டிருப்பார்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. நான் ஒரு தனிப்பயிற்சிக் கல்லூரியில் பௌதிகம் நடத்திக்கொண்டிருந்தேன். பிளஸ் டூவில் தவறியவர்கள் வருவார்கள். என்னிடம் படித்துவிட்டு மறுபடி தவறுவார்கள். முதல் முறை தவறியதற்குக் காரணம் சொல்லத் தெரியாமல் இருந்தவர்களுக்கு இப்போது ஒரு காரணம் கிடைத்திருக்கும். மின்காந்த அலைகள் பாடத்தை மட்டும் நான் உருகி உருகி நடத்துவேன். கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பற்றிப் பேசும்போது யாரும் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை.

என் மனைவி வீட்டு முன்கூடத்தில் குழித்தறியில் உட்கார்ந்து பட்டுப்புடவை நெய்தாள். குடும்பத்தின் சோறு தறியிலிருந்தும், குடும்பத்தின் மரியாதை பௌதிகத்திலிருந்தும் வருவதாக நான் நம்பிக்கொண்டிருந்தேன். அவள் மறுத்ததில்லை. அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. சந்தவாசலில் இருந்த என் மாமியார், கல்யாணப் பேச்சின்போதே அதை ஒரு தகுதியாகச் சொன்னவர். “எம் பொண்ணுக்கு நாலு வார்த்த சேந்தாப்பல பேச வராதுங்க.” அதற்குப் பிறகும், வருகிறபோதெல்லாம், மகளை வைத்துக்கொண்டே அதைச் சொல்வார். மகள் எழுந்து தறிக்குப் போய்விடுவாள்.

இந்தச் சூழ்நிலையில்தான் மடக்குக் கதவு வைத்த கறுப்பு வெள்ளை டிவி ஒன்றை வாங்கிவந்தேன். எங்கள் தெருவில் முதல் டிவி. பெட்டி வந்த அன்று தெருவே வந்து பார்த்தது. பெட்டியைத்தான் பார்த்தது. படம் வரவில்லை.

படத்துக்கு இரண்டு திசைகள் இருந்தன. வேலூர்ப் பக்கம் புதிதாக நட்டிருந்த சின்னக் கோபுரம் பக்கத்தில் இருந்ததால் பலமாகக் கேட்டது. ஆனால் அது டெல்லியைத்தான் அஞ்சல் செய்தது. பலமாகக் கேட்பதைப் பிடி என்ற நியாயப்படி எங்கள் டிவி அதைப் பிடித்துக்கொண்டது. தெரு முழுவதும் சில வாரங்கள் இந்தியில் கோதுமைக்கு உரம் போடக் கற்றுக்கொண்டது. தமிழ் பேசிய சென்னை நிலையமோ வடகிழக்கில், எட்டாத தூரத்தில். மீன்முள் மாதிரி இருக்கும் ஆன்டெனாவை உயரமான இரும்புக் குழாயில் கட்டி, அந்தத் திசையைப் பார்த்துத் திருப்பி, கடவுளையும் வேண்டிக்கொண்டால் மங்கலாக வரும்.

வந்தாலும் நிற்காது. படம் கீழிருந்து மேலாக ஓடிக்கொண்டே இருக்கும். செய்தி வாசிப்பவரின் தாடை மேலே போக, நெற்றி கீழே வரும். நிலையம் படத்தைக் கோடு கோடாக அறுத்து அனுப்புகிறது; பெட்டி அதே தாளத்தில் கோடுகளை அடுக்க வேண்டும்; அனுப்பும் அலை பலவீனமானால் தாளம் தப்பி, படம் உருளும். இதை நான் கரும்பலகை இல்லாமலே மனைவிக்கு விளக்கினேன். அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“மிதி ஒரு பக்கம், நாடா ஒரு பக்கம் போவுது. அவ்ளோதான?” என்றாள், தறியில் கால் மிதியும் நூல் ஓட்டும் நாடாவும் தாளம் தப்புவதை நினைத்து.

அவ்வளவுதான். பெட்டியின் பின்னால் இருந்த குமிழைத் திருகினால் உருளல் நிற்கும். குமிழை விட்டதும் மறுபடி உருளும். எனவே செய்தி முடியும்வரை நான் பெட்டிக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருப்பேன். நாட்டு நடப்பைக் காதால் மட்டுமே அறிந்த டிவி சொந்தக்காரன் நான்.

குற்றம் குமிழில் இல்லை, குழாய் நின்ற இடத்தில் இருந்தது. அது மாடியின் தென்மேற்குக் கன்னி மூலையில் நின்றது. அங்கிருந்து சென்னையைப் பார்த்தால் நடுவில் ரைஸ் மில் புகைபோக்கி. வீட்டு ஓனர் சேவூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, குழாயைப் பிடுங்கி எதிரே வடகிழக்கு மூலையில் சாய்த்துப் பார்த்தேன். படம் உருளாமல் நின்றது. செய்தி வாசித்த அம்மாளின் மூக்குத்திகூடத் தெரிந்தது. சாயங்காலமே ஓனர் திரும்பி வந்துவிட்டார். அவர் அந்த ரைஸ் மில்லில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வாஸ்துவில் மட்டும் ஓய்வு பெறவில்லை.

“ஈசானிய மூலைல பாரம் ஏத்துவாங்களா வாத்தியாரே? இரும்ப நட்டா வூட்ல ஆம்பள தங்க மாட்டான்.”

“இந்த வீட்டுல இருக்கிற ஆம்பள நான்தானுங்களே.”

“அதான் சொல்றேன். அப்பால வாடக யாரு குடுப்பா?”

உலகத்தில் எத்தனையோ திசைகள் இருக்க, சென்னைக்காரர்கள் நிலையத்தை எங்கள் வீட்டின் ஈசானியத்தில் போய்க் கட்டியிருந்தார்கள். குழாய் கன்னி மூலைக்குத் திரும்பியது. நான் குமிழுக்குத் திரும்பினேன்.

இப்படி இருக்கும்போதுதான் சென்னை நிலையத்திலிருந்தே ஒரு வேன் எங்கள் தெருவுக்கு வந்தது. ஆரணிப் பட்டு பற்றி ஒரு நிகழ்ச்சி. முன்கூடத்தில் நல்ல வெளிச்சம் இருந்ததால் எங்கள் வீட்டுத் தறியைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு காலை முழுவதும் என் மனைவி நெய்வதைப் படம் எடுத்தார்கள். கடைசியில் மைக்கை நீட்டிக் கேள்வி கேட்டார்கள். அவள் பேசியிருக்கிறாள். நாலு வார்த்தை அல்ல, நன்றாகவே பேசியிருக்கிறாள் என்று பக்கத்து வீடுகள் சொல்லின. நடுத்தெருவில் வேனோட்டி இன்ஜினை ஓடவிட்டிருந்ததால் என்ன பேசினாள் என்று அவர்களுக்கும் கேட்கவில்லை. நான் அந்த நேரத்தில் மின்காந்த அலைகள் நடத்திக்கொண்டிருந்தேன்.

“என்ன சொன்னே?”

“வெள்ளிக்கிழம போடறாங்களாம். டிவில கேட்டுக்கோங்க.”

“எனக்கு மட்டும் சொல்லேன்.”

“டிவி எதுக்கு வாங்கினீங்க?”

வாங்கிய நாளிலிருந்து அதை வாங்கியது பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி அது. நான் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. ஆனால் அன்றே சந்தவாசலுக்குப் போகும் பஸ்ஸில் தெரிந்தவர் ஒருவரிடம், வெள்ளிக்கிழமை கட்டாயம் வர வேண்டும் என்று அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினாள். திருமணமாகி இத்தனை வருஷத்தில் எதற்கும் அவசரப்படாதவள், ஏறி உட்கார்ந்துவிட்ட ஆளைக் கண்டக்டர் விசில் ஊதிய பிறகும் ஜன்னல் வழியாகப் பிடித்துக்கொண்டு இரண்டு முறை சொன்னாள். ஒரே ஒரு முறைதான் போடுவார்கள். அந்த ஒரு முறை அவள் பேசுவதை அவள் அம்மா கேட்க வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு.

அதற்குப் படம் உருளக் கூடாது. நான் ஓனரிடம் போனேன். ஒரு சாயங்காலத்துக்கு மட்டும் ஈசானிய மூலையைத் தர வேண்டும் என்று கேட்டேன். அலை நேர்கோட்டில்தான் போகும் என்பதை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். என் மாணவர்களும் இப்படித்தான் கேட்பார்கள்.

“பாரம் வைக்கக் கூடாது வாத்தியாரே. அது சாஸ்திரம்.” கொஞ்சம் யோசித்தார். “வச்சாதான் பாரம். கைல பிடிச்சிகினு நின்னா அது பாரம் இல்ல.”

“யாரு பிடிச்சிக்கிறது?”

“டிவி யாரோடது?”

தீர்ப்பில் ஓர் உட்பிரிவும் இருந்தது. குழாயின் அடி தளத்தைத் தொடக் கூடாது. தொட்டால் நட்டதாக ஆகிவிடும். எனவே என் கால் பெருவிரல்மேல் ஊன்றிக்கொள்ளலாம் என்று பெருந்தன்மையாகச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை மாமியார் மதியமே வந்துவிட்டார். மகளைப் பார்த்து, “இன்னாடி, டிவில பேசினியாமே? உனுக்குத்தான் பேச வராதே” என்றார். மகள் காபி போடப் போனாள். சாயங்காலம் தெருவில் தறிகளெல்லாம் நின்றன. கூடத்தில் உட்கார இடமில்லை. தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மூன்று பேர் உட்கார்ந்தார்கள். நான் மாடியேறி ஈசானிய மூலையில், குழாயைக் கட்டிப்பிடித்து, அடியைப் பெருவிரல்மேல் ஏந்தி நின்றேன். ஓனர் மாடிப்படியின் நடுவில் உட்கார்ந்துகொண்டார். கூடத்துச் செய்தியை மேலே சொல்வதற்கும், குழாய் தளத்தைத் தொடுகிறதா என்று மேற்பார்வை பார்ப்பதற்கும்.

“வருதா?” என்றேன்.

“வருது. உருளுது.”

கொஞ்சம் கிழக்கே திரும்பினேன்.

“நின்னுடுச்சி. மூச்சு வுடாத.”

நிஜமாகவே, நான் மூச்சை இழுத்தால் படம் நடுங்கியதாம். என் உடம்பும் ஆன்டெனாவில் ஒரு முள்ளாகச் சேர்ந்துவிட்டது. பௌதிகத்துக்கு என்னாலான ஒரே பங்களிப்பு அது.

வயலும் உழவும் பற்றிய நிகழ்ச்சி போயிற்று. ஒரு வீணைக் கச்சேரி போயிற்று. பிறகு திடீரென்று கீழே அத்தனை பேச்சும் நின்றது. எதுவும் கேட்காததிலிருந்தே அவள் வந்துவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது.

“வந்துட்டா” என்றார் ஓனர், பாதித் தலையைக் கூடத்துப் பக்கம் நீட்டி. “நல்லா கீறா. தறி நல்லா கீது. வாய் அசையுது. பேசறா.”

“என்ன பேசறா?”

கீழே ஒரு முணுமுணுப்பு கிளம்பியது. அதைக் கிழித்துக்கொண்டு மாமியாரின் குரல் படியேறி வந்தது.

“மாப்ள, கொஞ்சம் திருப்புங்க. ஆம்பள குரல் வருது.”

நடந்தது எனக்கு உடனே புரிந்தது. சென்னையில் அவள் குரலை எடுத்துவிட்டு, படத்தின்மேல் வேறு ஒருவரைப் பேசவிட்டிருக்கிறார்கள். ஆன்டெனாவைத் திருப்பினால் பெண் குரல் ஆண் குரலாகாது, ஆண் குரல் பெண் குரலாகவும் ஆகாது. இதை நான் சொல்லத்தான் வாய் திறந்தேன்.

“என்ன சொல்றான் அந்த ஆளு?” என்றுதான் ஓனரைக் கேட்டேன்.

“பட்டு நூலோட சேத்து அவ கனவையும் நெய்யறாளாம்.”

“மாப்ள, ஜல்தி திருப்புங்க. எம் பொண்ணு பேசிகினு கீறா, எவனோ குறுக்க வரான்.”

அதற்குள் தெரு முழுவதும் திருப்பு, திருப்பு என்றது. இருபது வாய்க்கு எதிராக, மின்காந்த அலைகளுக்குச் சமன்பாடு எழுதிய மாக்ஸ்வெல்லே நின்றிருந்தாலும் திருப்பியிருப்பார். நானும் திருப்பினேன். ஒரு விரற்கடைதான். சென்னை போய், வேலூர்க் கோபுரம் தன் முழு பலத்தோடு வந்து உட்கார்ந்தது. கீழே ஒருவர் நிதானமாகச் சொன்னது மேலே வரைக்கும் கேட்டது.

“இப்ப இந்தில பேசறாடா.”

பதறி முன்பிருந்த கோணத்துக்குத் திருப்பினேன். எந்தக் கோணம் என்று யாருக்குத் தெரியும். ஓனர் “உருளுது, உருளுது, வரிவரியா வருது, இன்னும் கொஞ்சம்” என்று வர்ணித்துக்கொண்டிருந்தார். பெருவிரல் மரத்துப்போயிற்று. ஒருவழியாகச் சென்னை திரும்பி வந்தபோது நாதஸ்வரம் கேட்டது. பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தனவாம்.

“முட்ஞ்சிபோச்சி” என்றார் ஓனர்.

மாடியில் நான் அப்படியே நிற்க, கூடத்தில் யாரும் எழுந்திருக்கும் சத்தம் வரவில்லை. யாரும் என்னைத் திட்டவும் இல்லை. அதுதான் பேஜாராக இருந்தது. மாமியார் மட்டும், இந்த முறை சத்தம் போடாமல், கேட்டார்.

“அந்தாளு சொன்னதெல்லாம் நீ சொன்னதா?”

“இல்லம்மா.”

“அப்ப நீ இன்னாதான் சொன்ன?”

தறிக்குப் போய்விடுவாள் என்று நினைத்தேன். தறிக்குழியில் வேறு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். யாரோ டிவியின் சத்தத்தைக் குறைத்தார்கள்.

“நீங்க பட்டு கட்டுவீங்களான்னு கேட்டாங்க” என்றாள் என் மனைவி. அவ்வளவு பேர் முன்னால் அவள் குரல் அப்படி நிதானமாக வரும் என்று எனக்குத் தெரியாது. “நெய்யறதோட சரி, கட்டினதில்லன்னேன். ஏன்னாங்க. ஒண்ணு எடுக்கணும்னு ரெண்டு வருசமா சேத்து வச்சிருந்தேன். எங்க வூட்டுக்காரரு அதுல டிவி வாங்கிகினு வந்துட்டாரு. அதுல எதுவும் தெரியறதில்ல, அவரு அதுக்குப் பின்னால உக்காந்துகினு இருக்காரு. நீங்க எடுக்கிற படமாச்சும் அதுல தெரியற மாதிரி அனுப்புங்கன்னேன்.”

முதலில் தறிக்குழிக்காரர்கள் சிரித்தார்கள். அப்புறம் கூடம், அப்புறம் வாசல். கனவு நெய்ததாகச் சொன்ன அந்தச் சென்னைக்காரரை, முகம் தெரியாத அந்த உத்தமரை, நான் குழாயை அணைத்தபடியே வாழ்த்தினேன். என் மானம் போனதை ஒரு தெருவோடு நிறுத்தியவர் அவர்.

சிரிப்பு ஓயும்வரை மாமியார் சிரிக்கவில்லை. பிறகு சொன்னார்: “இவ்ளோவும் நீயா பேசின? எனுக்குச் சரியா கேக்கல. இன்னொரு தபா சொல்லு.”

அவள் இன்னொரு முறை சொன்னாள். இந்த முறை குமிழைத் திருகுகிறபோது என் முகம் எப்படி இருக்கும் என்பதையும் சேர்த்துக்கொண்டாள்.

ஓனர் படியிலிருந்து அண்ணாந்து என்னைப் பார்த்தார்.

“வாத்தியாரே, மேல நல்லா கேக்குதா?”

“கேக்குதுங்க.”

“அப்ப அசையாம அப்டியே நில்லு.”