கௌஸ் மைதீனின் முதல் வாய்

கௌஸ் மைதீனுக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. சாப்பாட்டின் பாதியில் எழுந்து வாசல்வரை போய் வந்தால்தான் அடுத்த கவளம் இறங்கும். வலைக்கயிறு விற்றான், கருவாட்டு மூட்டையோடு பொன்னேரிக்கு அலைந்தான், எதிலும் ஒரு மழைக்காலம் தாண்டவில்லை. ஒரு காலத்தில் கப்பல் வைத்து வியாபாரம் செய்த பழவேற்காட்டுக் குடும்பம் அது. கப்பல் எப்போதோ போய்விட்டது, கப்பலேறும் அரிப்பு மட்டும் இவன் காலில் தங்கிவிட்டது.

அந்தக் காலுக்கேற்ற வேலை ஒன்றும் கடைசியில் வாய்த்தது. மெட்ராஸ் துறைமுகத்தில் உல்லாசக் கப்பல் வந்து நின்றால், அதில் வந்தவர்களைத் தெய்வசிகாமணி என்ற தரகர் வேனில் அழைத்து வருவார். ஒல்லாந்தர் கல்லறையைக் காட்டி முடித்ததும் அவர்களை கௌஸ் மைதீனிடம் ஒப்படைத்துவிட்டு வேனில் படுத்துக் குறட்டை விடுவார். மீதி இவன் பாடு. கடைத்தெரு டீ, குப்பத்து செல்வம்மாளின் இறால் வடை, படகுத்துறையில் பொரித்த மடவை மீன், முடிவில் நன்னாரி சர்பத். தின்றுகொண்டே நடக்கிற ஊர்வலம் அது.

வந்தவர்களுக்கு நாக்கில் ஆசையும் வயிற்றில் பயமும் சமமாக இருக்கும். வடையை முகர்ந்து பார்த்து ஒருவரை ஒருவர் இடித்துக்கொள்வார்கள். அதனால் எதுவானாலும் முதல் வாய் கௌஸ் மைதீன் தின்று காட்டுவான். கண்ணை மூடி, தலையை ஆட்டி, விரலைச் சூப்பி முடிப்பதற்குள் தட்டு காலியாகிவிடும். இந்தக் கூத்தில் மயங்கிப்போன ஒரு கிழவர் தன் வெள்ளைக் கான்வாஸ் ஷூவை அவனுக்கே கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த ஊர் மணலில் கான்வாஸ் ஷூ போட்டு நடந்த ஒரே ஆள் அவன்தான். கேலி செய்யாதவர்கள் கிடையாது.

எழுபதாம் வருடம் ஐப்பசி மழையோடு சேர்ந்தே ரமலான் மாதமும் வந்தது. அப்போதுதான் தெய்வசிகாமணி வந்து அந்தச் சேதியைச் சொன்னார்.

“பாய், இந்த வாட்டி கப்பலோட பெரிய சமையல்காரரே வர்றாரு. கப்பல் சமையல்கட்டுக்கு ஒரு ஆள் வேணுமாம். உன்னப் பத்தி சொல்லி வச்சிக்கிறேன். அவரு மனச குளிர வச்சி அனுப்பு, அது போதும்.”

கௌஸ் மைதீன் வீட்டுக்கு ஓடிப்போய் மஸூதாவிடம் சொன்னான்.

“போய்ட்டு வாங்க. அந்தக் காலு அரிப்பாவது தீரட்டும்” என்றாள் மனைவி. சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நோன்பு வாயோடு முதல் வாய் எப்படித் தின்பது என்பது அதன் பிறகுதான் அவனுக்கு உறைத்தது. செல்வம்மாளிடம் போய் நின்றான்.

“அக்கா, அன்னிக்கு மட்டும் எனக்குப் பதிலா நீ துன்னு காட்டு.”

“இன்னா பாய், துன்றதுக்கெல்லாமா கூலிக்கு ஆள் புடிக்கிற? சரி, துன்றேன் போ” என்று அவள் சிரித்தாள்.

கப்பல்காரர்கள் வந்தார்கள். செல்வம்மாள் வடைத்தட்டோடு ஜலீலின் டீக்கடைக்கே வந்து காத்திருந்தாள். ஜலீல் மஸூதாவின் தம்பி. நோன்பு மாதப் பகலில் அவன் கடை வாசலில் கோணிப் படுதா தொங்கும். பஸ்காரர்களும் குப்பத்து ஆட்களும் படுதாவுக்கு உள்ளே போய்த்தான் டீ குடிப்பார்கள். படுதா முழங்காலோடு நின்றுவிடும். முகம் தெரியாது, கால் தெரியும்.

செல்வம்மாள் ஒரு வடையைப் பிட்டு வாயில் போட்டு, சொன்னபடியே கண்ணையும் மூடிக் காட்டினாள். வந்தவர்கள் சிரித்தார்களே தவிர, ஒரு கையும் நீளவில்லை. விற்கிறவளே தின்று காட்டினால் எவன் நம்புவான்? பெரிய சமையல்காரர் செல்வம்மாளைப் பார்க்கவேயில்லை. கௌஸ் மைதீனை விரலால் காட்டி ஏதோ கேட்டார்.

அன்றைக்கென்று தூங்காமல் கூடவே வந்திருந்த தெய்வசிகாமணி காதைக் கடித்தார். “நீ ஏன் துன்னலன்னு கேக்கறாரு. சரக்கு கெட்டதான்றாரு. பாய், கெடுத்துக்காத.”

கௌஸ் மைதீன் நின்ற இடத்திலேயே கால் மாற்றிக் கால் மாற்றி மிதித்தான். பிறகு இரண்டு வடைகளைக் கையில் எடுத்துக்கொண்டு, சமையல்காரரையும் அழைத்துக்கொண்டு படுதாவுக்குள் நுழைந்தான்.

“மச்சான், வேணாம்” என்றான் ஜலீல். 

“பயணம் போறவனுக்கு நோன்பு கட்டாயமில்லடா. நான் போறேன், அவ்ளோதான்.”

கல்லறைக்கும் படகுத்துறைக்கும் நடுவே நடப்பதற்குப் பயணம் என்று பெயரில்லை என்பது அவனுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தேதான் தின்றான். மண்ணைத் தின்பது போலிருந்தது. ஆனாலும் கண்ணை மூடினான், தலையை ஆட்டினான், விரலைச் சூப்பினான். சமையல்காரர் வாய்விட்டுச் சிரித்து மற்ற வடையைக் கடித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டே வெளியே தட்டு காலியானது. தொழுகைக்குப் போய்க்கொண்டிருந்த நாலு பேர் தெருவில் நின்றுவிட்டார்கள். படுதாவுக்குக் கீழே வெள்ளைக் கான்வாஸ் ஷூ தெரிந்தது.

மடவை மீனும் சர்பத்தும் அமர்க்களமாகப் போயின. வேன் கிளம்பும்போது சமையல்காரர் இவன் தோளில் தட்டிவிட்டு ஏறிக்கொண்டார். கௌஸ் மைதீன் தெய்வசிகாமணியின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

“அது வந்து பாய்… கொழும்புலயே ஆள் எடுத்துட்டாங்களாம். இப்பத்தான் சொல்றாரு. அடுத்த கப்பல்ல பாக்கலாம்.”

வேன் போனது. அவன் ஏரிக்கரையில் மேலும் கீழுமாக நடந்தான். வடைக்கு முன்பே முடிந்துபோன காரியம். ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தின்றிருக்கலாம். கேட்கவிடாமல் இந்தக் கால் துரத்தியது.  ஷூவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வீசவும் மனமில்லாமல், மாட்டவும் மனமில்லாமல் நடந்தான். பள்ளிவாசலில் நோன்பு திறக்கப் பாங்கு சொன்னார்கள். அங்கே போய்க் கஞ்சிக்கு உட்கார முகமில்லாமல் வீட்டுக்குத் திரும்பினான்.

வாசலில் ஜலீலின் செருப்பு கிடந்தது. சேதி இவனுக்கு முன்பே வீடு வந்துவிட்டது. மஸூதா பேரீச்சம்பழத்தையும் கஞ்சிக் கோப்பையையும் அவனுடைய வழக்கமான இடத்தில் வைத்திருந்தாள். அவன் உள்ளே வராமல் நிலைப்படியிலேயே நின்றான்.

“எனக்கு எதுக்கு மஸூதா? நான்தான்…”

“பயணம் போனவங்க ஊடு வந்து சேந்துட்டீங்க இல்ல?” என்றாள் அவள். “உக்காருங்க. கஞ்சி ஆறுது.”

கௌஸ் மைதீன் உட்கார்ந்தான். கஞ்சியில் கண்ணீர் விழுந்தது. கோப்பை காலியாகும்வரை அவன் எழுந்திருக்கவே இல்லை.