எட்டாவது ஃபெயிலும் எட்டு இதயமும்

கறிக்கடைக்காரருக்கு உலகத்தில் பிடிக்காத மனிதர் ஒரே ஒருவர்தான். அவருடைய பழைய அறிவியல் வாத்தியார். அவரும் போய்ச் சேர்ந்து பதினோரு வருஷம் ஆகிறது. செத்தவரைத் திட்டக் கூடாது என்று நல்லவர்கள் சொல்வார்கள். கடைக்காரர் திட்டுவார். ஆட்டு இதயம் கையில் வரும்போதெல்லாம், அதாவது நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை, மனதாரத் திட்டுவார்.

காரணம் ஒரு படம். எட்டாம் வகுப்புப் பரீட்சையில் இதயத்தை வரைந்து பாகங்களைக் குறிக்கச் சொல்லியிருந்தார்கள். படம் அச்சடித்த மாதிரி வந்தது. தாளின் இடது பக்கம் இருந்த அறைகளுக்கு இடது என்று எழுதினார், வலது பக்கம் இருந்தவற்றுக்கு வலது என்று எழுதினார். கண் தெரிந்த எவனும் அப்படித்தான் எழுதுவான். வாத்தியார் குறுக்கே சிவப்புக் கோடு இழுத்து முட்டை போட்டார். போதாக்குறைக்கு, "தன் நெஞ்சு எந்தப் பக்கம் அடிக்குதுன்னே தெரியாத பய" என்று தாளைத் தூக்கி வகுப்புக்கே காட்டினார். நாலு மார்க்கில் ஃபெயில். படிப்புக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு அப்பா அவரைக் கடையில் நிறுத்தினார். எழுதியதில் என்ன தப்பு என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை. அவரும் ரோஷத்தில் கேட்கவில்லை.

இப்போது அவர் மகள் அதே பள்ளிக்கூடத்தில் எட்டாவது படிக்கிறாள். அங்கே அவளுடைய அப்பா 'பிசினஸ்'. என்ன பிசினஸ் என்று அவள் சொன்னதில்லை. பெற்றோர் கூட்டம் என்றால் அம்மாவை மட்டும்தான் கூப்பிடுவாள். கடைக்காரருக்கு அது வலித்தது. வீட்டில் காட்டிக்கொள்ளவில்லை, நெஞ்செலும்பு வெட்டும்போது காட்டினார்.

ஒரு திங்கட்கிழமை, பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்திருந்த அறிவியல் டீச்சர் கடைக்கு வந்தார்.

"அண்ணே, வர்ற வெள்ளிக்கிழமை எட்டு ஆட்டு இதயம் வேணும். கீறாம, குழாய நறுக்காம, முழுசா."

"சமைக்கிறதுக்கா?"

"பாடம் நடத்துறதுக்கு. எட்டாவது பசங்களுக்கு. புத்தகத்துல படமா பாத்துப் பாத்து அதுங்களுக்கும் போரடிக்குது, எனக்கும் போரடிக்குது." டீச்சர் பேச்சு முழுவதையும் அவர் தலைக்கு மேலே இருந்த காலண்டரிடம் சொன்னார். கீழே பார்த்தால் கட்டைமேல் ஈரல் இருந்தது. "நீங்களே கொண்டு வந்து குடுத்துடுங்க. எனக்கு ரத்தம்னா கொஞ்சம் ஆகாது."

எட்டாவது என்றதும் கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்தார். மகளின் வகுப்பு.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது மகள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"வாசல்ல வெச்சுட்டுக் கிளம்பிடு. என்னைப் பாத்தா தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத."

"நீ யாருன்னே எனக்குத் தெரியாது."

"விளையாடாதப்பா."

அவர் விளையாடவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில், முதல் இரண்டு இதயத்தையும் கை பழக்கதோஷத்தில் கீறிவிட்டது. ரத்தம் வடியட்டும் என்று ஒரு கீறு, குழாய்க்கு ஒரு நறுக்கு. இருபத்தெட்டு வருஷமாக அப்படித்தான். மூன்றாவதிலிருந்து கையை அதட்டி அதட்டி வேலை வாங்கினார். கீறிய இரண்டையும் ஒதுக்கிவிட்டு, முழுசான எட்டையும் கழுவி, மூடி போட்ட எவர்சில்வர் பாத்திரத்தில் வைத்துக்கொண்டு போனார். போனவரால் கிளம்ப முடியவில்லை. பாத்திரம் கடைப் பாத்திரம். இதயங்களைத் தட்டுகளில் எடுத்து வைத்து அது காலியாகும்வரை வகுப்பு வாசலிலேயே நின்றார்.

டீச்சர் ஒரு கையில் புத்தகத்தையும் ஒரு கையில் பிளேடையும் பிடித்திருந்தார். முகம் சாக்பீஸ் நிறத்தில் இருந்தது. படத்தைப் பார்த்தார், இதயத்தைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார். படத்தில் இதயம் ஒழுங்கு மரியாதையாக நேரே நிற்கிறது. அவர் மேஜைத் தட்டில் இருந்ததோ தொட்ட பக்கமெல்லாம் உருண்டது.

"இதுதான் இடது கீழறை" என்று ஒருவழியாகச் சொல்லிக் கீறினார்.

"டீச்சர், இடதுல சுவர் கெட்டியா இருக்கும்னு போட்டிருக்கு. இது மெல்லிசா இருக்கே?" என்றாள் முன்பெஞ்சுக் கண்ணாடிக்காரி. டீச்சர் புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார்.

கடைக்காரர் பொறுத்துப் பார்த்தார். முடியவில்லை.

"டீச்சர், அது வலது."

முப்பது தலை வாசல் பக்கம் திரும்பியது. கடைசி மேஜையில் ஒரு தலை மட்டும் நோட்டுக்குள் புதைந்தது.

"கண்ணு ஏமாத்தும், விரலால அமுக்கிப் பாருங்க. ஒரு பக்கம் தொளதொளன்னு இருக்கும், ஒரு பக்கம் கெட்டியா இருக்கும். கெட்டிதான் இடது. உடம்பு பூராத்துக்கும் ரத்தத்தத் தள்ளுற பக்கம், சும்மாவா? மத்தது பக்கத்துல இருக்கிற நுரையீரலுக்குத் தள்ளுனா போதும்."

டீச்சர் பிளேடை வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றார். அந்த முகத்தில் அவ்வளவு நிம்மதி. பிள்ளைகள் அமுக்கினார்கள், கிள்ளினார்கள், முகர்ந்து பார்த்தார்கள். ஒருவன் பெரிய குழாய்க்குள் விரலை விட்டுவிட்டு எடுக்கத் தெரியாமல் முழித்தான். கடைக்காரர் மேஜை மேஜையாகப் போனார், கடைசி மேஜையைத் தவிர.

"அங்கிள், நீங்க டாக்டருக்குப் படிச்சீங்களா?"

"எட்டாவது ஃபெயில். இதே பள்ளிக்கூடம், இதே படம்." வகுப்பு சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே முட்டைக் கதையைச் சொன்னார்.

டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு நேர் எதிரே வந்து நின்று இடது கையைத் தூக்கினார்.

"அண்ணே, என் இடது கை உங்களுக்கு எந்தப் பக்கம் இருக்கு?"

"வலது பக்கம்."

"படத்துல இருக்கிற ஆளும் நம்மளப் பாத்துதான் நிக்கிறாரு. அதனால அவரோட இடது நமக்கு வலது பக்கம் வரும். உங்க வாத்தியார் இதச் சொல்லலையா?"

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அரை நிமிஷ வேலை. அந்த மனுஷன் அரை நிமிஷம் வாயைத் திறந்திருந்தால் போதும். ஒருவேளை வாத்தியாருக்கே தெரியாதோ என்னவோ என்று அப்போதுதான் முதன்முறையாகத் தோன்றியது. கடைக்காரருக்கு அழுகை முட்டியது. இரண்டு கையும் ரத்தமாக இருந்ததால் கண்ணைத் துடைக்க வழியில்லை, அதனால் அழாமல் சமாளித்தார்.

பிறகுதான் தான் செய்த காரியம் உறைத்தது. தெரியாத மாதிரி இரு என்று சொல்லி அனுப்பினால், வகுப்பு நடுவில் நின்று எட்டாவது ஃபெயில் என்று பீற்றிக்கொண்டாயிற்று. மகள் இனி ஒரு மாதத்துக்கு முகம் கொடுத்துப் பேசமாட்டாள். பாத்திரத்தை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வாசலை நோக்கி நடந்தார்.

"அப்பா."

அவர் திரும்பவில்லை. முப்பது பிள்ளைகள் இருக்கிற இடத்தில் யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள்.

"அப்பா, உன்னத்தான். அந்தச் சின்னக் கத்தியக் குடுத்துட்டுப் போ. இந்த பிளேடு பேப்பரக்கூட அறுக்காது."

டீச்சர், "கத்தியெல்லாம் வேணாமே" என்று இழுத்தார்.

"எனக்குப் பழக்கம்தான் டீச்சர்" என்றாள் மகள். அவளுக்குக் காது மடல் சிவந்திருந்தது, ஆனாலும் கையை நீட்டியபடியே நின்றாள். கடைக்காரர் இடுப்பில் இருந்த சின்னக் கத்தியை எடுத்துத் துடைத்து, பிடி அவள் பக்கம் இருக்கும்படி நீட்டினார். அவள் கட்டைவிரலால் அமுக்கிக் கெட்டியான பக்கத்தைக் கண்டுபிடித்து, ஒரே இழுப்பில் திறந்தாள். அவர் சொல்லிக் கொடுத்ததே இல்லை. எப்போது பார்த்து வைத்தாளோ.

பக்கத்தில் இருந்த சிநேகிதி வாயைப் பிளந்தாள். "பிசினஸ்னு சொன்ன?"

"பிசினஸ்தான். தட்டப் பிடி, நழுவுது."

முன்பெஞ்சிலிருந்து கண்ணாடிக்காரி எக்கிப் பார்த்துக் கத்தினாள். "ஏய், உங்க அப்பாவ இங்க அனுப்பு. எங்களுது இன்னும் வெட்டவே இல்ல."

மகள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இருங்கடி. எங்களுது முடியட்டும், அப்புறம் அனுப்புறேன்."